ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அடிலெய்டுக்கு வந்து சேரும் நம் ஆட்களில் ஃபிளிண்டர்ஸ் மலைக்குப் போய் வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஓர் இரவு தங்கியவர்கள், "ஒரே பொட்டல் காடு, பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள். நான்கு நாள் தங்கியவர்கள், அடுத்த விடுமுறை எப்போது என்று நாட்காட்டியைப் புரட்டுவார்கள். நான் இரண்டாவது கட்சி. பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு போய்வருகிறேன். கிளம்புவதற்கு முன் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இந்த மலை எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

தெற்கு ஆஸ்திரேலியாவில். அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளித் தொடங்கி, 400 கி.மீ.க்கு மேல் வடக்கே நீள்கிறது. மேற்கே டாரன்ஸ் ஏரி, கிழக்கே ஃபிரோம் ஏரி. பெயர்தான் ஏரி, பெரும்பாலான காலம் அவற்றில் உப்புப் படிவுதான் இருக்கும். பலரும் போவது மலைத்தொடரின் நடுப்பகுதியான இக்காரா–ஃபிளிண்டர்ஸ் ரேஞ்சஸ் தேசியப் பூங்காவுக்கு. அங்குள்ள வில்பீனா வரை அடிலெய்டிலிருந்து சுமார் 430 கி.மீ., நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். குழந்தைகள் இருந்தால் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனம் என்கிறார்கள், மலை என்கிறார்கள். எது சரி?

இரண்டுக்கும் நடுவில். நல்ல இடங்களில் ஆண்டுக்கு 400 மி.மீ. மழை, வடக்கே போகப் போக 250க்கும் கீழே. ஆனால் 'ஆண்டுக்கு' என்ற கணக்கு இங்கே அவ்வளவாக உதவாது. இரண்டு ஆண்டு ஒன்றும் இல்லாமல் கிடக்கும், பிறகு ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கும்.

நம் திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து இயல்பு திரிந்தால் அதுவே பாலை. பள்ளியில் மனப்பாடம் செய்த இந்தச் செய்தி எனக்கு உண்மையில் புரிந்தது இந்த மலையில்தான். ஒரு மார்ச் மாதம் செம்மண்ணும் கல்லுமாகப் பார்த்த அதே சரிவை, மழை பெய்த ஆண்டின் செப்டம்பரில் பார்த்தபோது மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. (அந்த ஊதாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்து பரவிய களை. படத்தில் அழகாகத்தான் விழும்.)

எப்போது போகலாம்?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும். ஆனால் இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு. கூடாரத்தில் தங்குகிறவர்கள் கம்பளியைக் கணக்குப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பூ வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டும், நிழல் கிடையாது, சில பாதைகளை மூடிவிடுவார்கள். பள்ளிக்கு நீண்ட விடுமுறை அப்போதுதான் என்பது தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

எத்தனை நாள் தேவை?

குறைந்தது மூன்று இரவு. ஒரு நாள் வில்பீனா, ஒரு நாள் பள்ளத்தாக்குகள், ஒரு நாள் எதுவும் திட்டமிடாமல். அந்த மூன்றாவது நாளைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள். அதை மட்டும் வெட்டாதீர்கள்.

வில்பீனா பவுண்டு என்பது எரிமலை வாயா, விண்கல் விழுந்த பள்ளமா?

இரண்டும் இல்லை. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் சுற்றிலும் மதில் எழுப்பிய பெரிய கிண்ணம் போல இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடலடியில் படுகை படுகையாகப் படிந்த பாறைகள், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் நெருக்குண்டபோது பாய் போல மடிந்தன. மடிப்பின் மேடான பகுதிகள் காலப்போக்கில் தேய்ந்து போயின, பள்ளமான பகுதி நின்றுவிட்டது. சுற்றிலும் நிற்பது எளிதில் தேயாத குவார்ட்சைட் பாறை. உள்ளே ஏறத்தாழ 80 சதுர கி.மீ. நிலம், அதில் பைன் மரக்காடு.

'பவுண்டு' என்பது காசும் அல்ல, எடையும் அல்ல. ஊரில் திரியும் மாட்டைப் பிடித்து அடைப்போமே, அந்தப் பவுண்டுதான், பட்டி. வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்தபோது இயற்கையே கட்டிய தொழுவமாக அவர்களுக்குத் தெரிந்தது.

இந்த மண்ணின் மக்களான அட்ன்யாமதனா இனத்தார் வைத்த பெயர் இக்காரா, கூடும் இடம். 'அட்ன்யாமதனா' என்றால் மலையின் மக்கள், பாறையின் மக்கள். சடங்குக்காக இங்கே மக்கள் கூடியிருந்தபோது அக்குர்ரா என்னும் இரண்டு மாபெரும் பாம்புகள் வந்து அவர்களைச் சுற்றி வளைத்து விழுங்கின, அந்த உடல்கள்தான் இன்று மதிலாக நிற்கின்றன என்பது அவர்களுடைய வரலாறு. தேசியப் பூங்காவின் பெயரில் 'இக்காரா' சேர்ந்தது 2016இல்தான்.

செயின்ட் மேரி சிகரத்தில் ஏறலாமா?

மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம் அது, சுமார் 1,170 மீட்டர். ஏறுவதற்குச் சட்டப்படி தடை இல்லை. ஆனால் அது அக்குர்ரா கதையோடு சேர்ந்த புனிதமான இடம், உச்சிக்குப் போக வேண்டாம் என்று அட்ன்யாமதனா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பாதையின் தொடக்கத்தில் இருக்கும் பலகையிலும் இதைப் படிக்கலாம்.

நான் ஏறியதில்லை, ஏறப் போவதும் இல்லை. கருவறைக்குள் வெளியாள் போகக் கூடாது என்றால் வாசலிலேயே நின்று கும்பிடுகிறவர்கள் நாம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டாண்டெரா சேடில் என்ற கணவாய் வரை ஏறுங்கள். அங்கிருந்தே பவுண்டின் உள்ளும் புறமும் தெரியும். நல்ல நடை அது, கடைசிப் பகுதியில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டியிருக்கும், அரை நாளுக்கு மேல் ஆகும்.

குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் வந்தால் எங்கே நடப்பது?

வங்காரா காட்சிமுனை. போக வர சுமார் எட்டு கி.மீ., கடைசி ஏற்றம் தவிர மீதி சமதளம். வில்பீனா ஓடையை ஒட்டிய பாதையில், தைலமர நிழலிலேயே பவுண்டுக்குள் நுழைந்துவிடலாம். ஏற முடியாதவர்கள் கீழே ஹில் குடும்பத்தாரின் பழைய கல்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குடும்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுண்டுக்குள் கோதுமை விதைத்துப் பார்த்தது. பாடுபட்டுப் போட்ட சாலையை 1914இல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதோடு விட்டுவிட்டார்கள்.

ஆர்க்கரூ பாறையும் நல்ல தேர்வு. மூன்று கி.மீ. சுற்று. பாறைக் குடைவில் காவியாலும் கரியாலும் தீட்டிய ஓவியங்கள், அக்குர்ரா கதையைச் சொல்பவை. சேக்ரட் கேன்யன் என்ற இடத்தில் பாறைச் செதுக்கல்கள் உள்ளன. அங்கே அட்ன்யாமதனா வழிகாட்டியோடுதான் போக முடியும், அப்படிப் போவதே நல்லது. தனியாகப் போனால் வட்டமும் கோடும்தான் தெரியும்.

நடக்கவே முடியாதவர்களுக்கு: ஸ்டோக்ஸ் ஹில், ஹக்ஸ், ரேசர்பேக் ஆகிய மூன்று காட்சிமுனைகளுக்கும் காரிலேயே போகலாம். ரேசர்பேக்குக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். மண்சாலை வளைந்து வளைந்து புன்யெரூ பள்ளத்தாக்குக்குள் இறங்குவதும் பின்னால் மலை சிவப்பதும் அப்போதுதான்.

நீளமாக நடக்க விரும்புகிறவர்களுக்கு?

ஹைசன் பாதை. தெற்கே கடலோரக் கேப் ஜெர்விஸில் தொடங்கி இந்த மலைகளில் பாராசில்னா பள்ளத்தாக்கில் முடிகிறது, 1,200 கி.மீ. முழுதும் நடக்க ஏறத்தாழ இரண்டு மாதம். ஒரு நாள் துண்டு மட்டும் நடக்கிறவர்கள்தான் அதிகம். மிதிவண்டிக்காரர்களுக்கு அடிலெய்டிலிருந்து இந்த மலையிலுள்ள பிளின்மன் என்ற சிற்றூர் வரை சுமார் 900 கி.மீ. மாசன் பாதை உண்டு.

பிராச்சினா பள்ளத்தாக்கில் கல்லைத் தவிர என்ன இருக்கிறது?

கல்தான் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

20 கி.மீ. மண்சாலை. பக்கவாட்டில் பாறைப் படுகைகள் சாய்ந்து, அலமாரியில் சரிந்த புத்தகங்களைப் போல வரிசையாக நிற்கின்றன. கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டினால் சுமார் 13 கோடி ஆண்டு பூமி வரலாற்றைக் கடக்கிறீர்கள். அங்கங்கே விளக்கப் பலகைகள் இருக்கும். வண்டியை நிறுத்தி, இறங்கி, படித்து, பாறையைப் பார்த்து, மறுபடி ஏறுங்கள். அரை நாள் ஆகும், ஆகட்டும்.

1946இல் ரெக் ஸ்ப்ரிக் என்ற இளம் அரசு நிலவியலாளர், பழைய சுரங்கங்களை மறுபடி திறக்க முடியுமா என்று பார்க்க மேற்கே எடியாகரா குன்றுகளுக்குப் போனார். அங்கே பாறையில் எலும்போ ஓடோ இல்லாத மெல்லுடல் உயிர்களின் அச்சுகளைக் கண்டார். அவ்வளவு பழைய பாறையில் கண்ணுக்குத் தெரியும் அளவு உயிர் இருந்திருக்க முடியாது என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அறிவியல் உலகம் அவரை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு ஏற்றுக்கொண்டு, 2004இல் பூமியின் காலக்கணக்கில் ஒரு புது யுகத்தையே சேர்த்து, அதற்கு எடியாகரன் என்று பெயரும் வைத்தது. 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் அந்த யுகத்தின் எல்லையை இனோரமா ஓடையோரப் பாறையில் ஒரு சிறிய உலோக வட்டை அடித்துக் குறித்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. என் மகன் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கால் வைத்து நின்றுகொண்டு, "அப்பா, நான் ரெண்டு காலத்துல நிக்கிறேன்" என்றான்.

அந்தப் புதைபடிவங்களைக் கண்ணால் பார்க்க நில்பீனா எடியாகரா தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். 2023இல் திறந்தார்கள். முன்பதிவு செய்து வழிகாட்டியோடு மட்டும்தான் அனுமதி. கடல்தரை அப்படியே கல்லாகி, பலகை பலகையாகப் புரட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கின்சோனியா என்ற உயிரின் அச்சு, நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் வரி வரியாகப் பிரிந்து, பனையோலை விசிறியை ஈர மணலில் அழுத்தி எடுத்தது போல இருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் தெரியும். நேராகப் பிடித்தால் வெறும் கல்.

என்ன விலங்குகளைப் பார்க்கலாம்?

கங்காருவும் ஈமுவும் தேடாமலே வரும். ஈமுக் குஞ்சுகளோடு போவது தாய் அல்ல, தந்தை. அடைகாப்பதும் அதுதான்.

தேடிப் பார்க்க வேண்டியது மஞ்சள்கால் பாறை வாலபி. அட்ன்யாமதனா மொழியில் 'அண்டு'. முட்டியளவுச் சிறு கங்காரு போல இருக்கும். மஞ்சள் கால், மஞ்சள் காது, கன்னத்தில் வெள்ளைக் கோடு, வால் முழுக்க மஞ்சளும் பழுப்பும் வளையல் அடுக்கினாற்போல. தோலுக்காக வேட்டையாடினார்கள். பிறகு நரியும் ஆடும் வந்து மேலும் குறைத்தன. 1990களில் தொடங்கிய நரி, ஆடு கட்டுப்பாட்டுப் பணியால் மறுபடி பெருகி வருகிறது.

முதல்முறை பிராச்சினாவில் அந்தி சாயும் நேரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சரிந்து கிடக்கும் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் வெறும் கல். கிளம்பலாம் என்று சாவியில் கை வைத்தபோது ஒரு கல் காதை அசைத்தது. அப்புறம் பார்த்தால் அந்தச் சரிவில் ஐந்து இருந்தன, நாங்கள் வந்தபோதிருந்தே.

வழியெல்லாம் கூரையில்லாத கல்வீடுகள் நிற்கின்றனவே, யாருடையவை?

1865இல் ஜார்ஜ் கோய்டர் என்ற தலைமை நில அளவையாளர் குதிரையில் சுற்றி, வறட்சி எங்கே தொடங்குகிறது என்று செடிகொடிகளைப் பார்த்தே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வடக்கே மேய்ச்சல் மட்டும்தான், பயிர் தாங்காது என்றார். 1870களில் தொடர்ந்து நல்ல மழை. ஏர் போன வழியே மழை வரும் என்று அன்று பலர் நம்பினார்கள். கோட்டைத் தாண்டி நிலம் விற்றார்கள், ஊர் வகுத்தார்கள், கோதுமை விதைத்தார்கள். 1880களில் வறட்சி திரும்பியது. வீட்டைப் போட்டுவிட்டுப் போனவர்களின் சுவர்கள்தான் நீங்கள் பார்ப்பவை.

குவார்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியில் கன்யாகா இடிபாடுகளில் நிறுத்துங்கள். அது கோதுமைப் பண்ணை அல்ல, ஆட்டுப் பண்ணை. ஒரு காலத்தில் எழுபது குடும்பங்கள் வாழ்ந்த இடம். அதைத் தொடங்கிய ஹியூ ப்ரோபி 1852இல் வில்லோக்ரா ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தில் போனார். வயது 24. தண்ணீரில்லாத நாட்டில் தண்ணீரால் வந்த சாவு.

சாதாரண கார் போதுமா?

வில்பீனா, பிளின்மன் வரை தார்ச்சாலை, தாராளமாகப் போகும். பிராச்சினா, புன்யெரூ, பாராசில்னா எல்லாம் கல்லும் மண்ணும். காய்ந்த நாளில் மெதுவாக ஓட்டினால் சாதாரணக் காரும் போய்விடும். உயரமான வண்டி இருந்தால் நிம்மதி. வாடகை வண்டியாக இருந்தால் மண்சாலையில் ஓட்ட ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் படியுங்கள்.

மழைக்குப் பிறகு கதை வேறு. ஒருமுறை காலையில் செருப்பு நனையாமல் கடந்த ஓடை, மாலை திரும்பும்போது முழங்காலுக்கு மேல் செம்மண் கரைசலாக ஓடியது. எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. மழை மலைக்கு அப்பால் எங்கோ பெய்திருந்தது. முறுக்கைத் தின்றுகொண்டு இருட்டும் வரை கரையில் உட்கார்ந்திருந்தோம், வடிந்தது. எனக்கு ப்ரோபியின் நினைவாகவே இருந்தது. ஓடும் தண்ணீரில் இறக்காதீர்கள். மூடியிருக்கும் சாலையில் போனால் அபராதமும் உண்டு.

அந்தி சாய்ந்த பின் வண்டி ஓட்டாதீர்கள். கங்காரு எந்தப் பக்கமிருந்து பாயும் என்று அதற்கே தெரியாது.

காய்ந்த ஆற்றில் நல்ல மணல், பெரிய மரம். அங்கே கூடாரம் போடலாமா?

கூடாது. மணலில் வெள்ளம் வரும் என்பது ஒன்று. அந்தப் பெரிய தைலமரங்கள் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கிளையை முறித்துப் போடும் என்பது மற்றொன்று. கிளை என்றால் நம் ஊர்ப் பனைமரத்தின் பருமன். குறித்த முகாம் இடங்களில் இணையத்தில் முன்பதிவு செய்து தங்குங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

குறைவு. உருளைக்கிழங்குச் சிப்ஸும் சீஸ் ரொட்டியும் கிடைக்கும். நாங்கள் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய், சிறிய எரிவாயு அடுப்பு கொண்டு போய்விடுவோம். தீத்தடை அறிவித்த நாளில் அடுப்புக்கும் கட்டுப்பாடு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே விளையும் குவாண்டாங் என்ற சிவப்புப் பழத்தை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற பண்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். புளிப்பு நாக்கில் நிற்கும், நமக்குப் பிடிக்கும்.

தண்ணீர், பெட்ரோல், போன்?

நடக்கும்போது ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வண்டியில் தனியாக இருபது. ஹாக்கரில் பெட்ரோல் தொட்டியை நிரப்பிவிடுங்கள். பள்ளத்தாக்குகளுக்குள் போன் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாய், டிரோன், பூப் பறித்தல்?

தேசியப் பூங்காவில் நாய்க்கு அனுமதி இல்லை, டிரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். சாலையோரத்தில் கருவிழி வைத்த ரத்தச் சிவப்பாகத் தரையில் படர்ந்திருப்பது ஸ்டர்ட் பாலைப் பட்டாணிப் பூ, மாநில மலர். பறிக்கக் கூடாது, கல்லும் பொறுக்கக் கூடாது.

ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை இருக்கிறான். அவனுக்கு ஏதாவது?

குவார்னில் பிச்சி ரிச்சி ரயில். 1879இல் திறந்த பழைய பாதையில் நீராவி எஞ்சின், தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். கோடையில் ஓடாது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்குப் போகும் புகழ்பெற்ற 'கான்' ரயிலின் பழைய வழியும் இதுவே. 'கான்' என்பது ஆஃப்கான் என்பதன் சுருக்கம். 1866இல் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களோடு 31 ஒட்டகக்காரர்கள் போர்ட் அகஸ்டாவில் இறங்கினார்கள். தண்டவாளம் வருவதற்கு முன் இந்த நாட்டின் உள்பகுதிக்குச் சோறும் கம்பியும் சுமந்தவர்கள் அவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும்தான்.

ஆர்க்கரூலா வரை போகலாமா? ரொம்ப தூரமாமே?

கூடுதலாக மூன்று நாள் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை. வடக்குக் கோடி, கடைசிப் பகுதி முழுக்க மண்சாலை. முன்னே சொன்ன ரெக் ஸ்ப்ரிக்கே 1968இல் வாங்கிக் காப்பிடமாக மாற்றிய நிலம் அது. சுரங்கம் தோண்ட முயற்சி நடந்து, எதிர்ப்பு எழுந்து, 2012இல் தனிச் சட்டம் போட்டே சுரங்கத்தைத் தடுத்தார்கள். மலையுச்சி வழியே திறந்த வண்டியில் கூட்டிப் போவார்கள். ஏற்றத்தில் வானம் மட்டும் தெரியும், இறக்கத்தில் தரை மட்டும் தெரியும். அக்குர்ரா ஃபிரோம் ஏரியைக் குடித்துத் தீர்த்துவிட்டு வயிறு கனக்க ஊர்ந்து வந்து தங்கிய பள்ளத்தாக்கு இங்கேதான். இந்தப் பக்கம் அடிக்கடி வரும் சிறு நில அதிர்வுகள் அதன் வயிறு உருளும் ஓசை என்கிறார்கள் அட்ன்யாமதனா மக்கள்.

இரவில் செய்ய என்ன இருக்கிறது?

அமாவாசையை ஒட்டிப் போங்கள், விளக்கை அணையுங்கள், கண் பழக இருபது நிமிடம் கொடுங்கள். பால்வீதி மலைக்கு மலை பாலம் போட்டது போல நிற்கும். அதிலிருந்து பிய்ந்த பஞ்சு போல இரண்டு வெண்திட்டுகள் தெரியும், அவை மெகல்லன் மேகங்கள், தனித்தனி விண்மீன் மண்டலங்கள்.

ஓர் ஏப்ரல் மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது வில்பீனாவில் இதைச் செய்தோம். சால்வையைப் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "அகத்தியர் எங்கே?" என்று தெற்கே அடிவானத்தில் தேடினார். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் தென்னை மட்டைக்குச் சற்று மேலேதான் இருக்கும். நான் அவர் பின்னால் நின்று, நாற்காலியை மெல்லச் சாய்த்துக் காட்டினேன். மேலே, உயரத்தில், சுற்றியிருந்த மீன்களையெல்லாம்விடப் பளிச்சென்று. "இவ்வளவு மேலயா ஏறிட்டாரு?" என்று கேட்டுவிட்டு, குளிர் தாங்காமல் நாங்கள் எல்லோரும் கூடாரத்துக்குள் போன பிறகும் அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார்.